எழுபது வளைவும் ஒரு மனுவும்

"சைக்கிள்ல கொல்லிமலைக்குப் போறேன்" என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏன், பெட்ரோல் விலை அவ்வளவு ஏறிடுச்சா?"

இரண்டாவது கேள்வி: "இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியாச்சா?"

தப்பு அவள் மீது இல்லை. ஆபீஸில் முதல் மாடிக்கே லிஃப்டில் போகிறவன் நான். போன வருடம் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது சார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே" என்றார், கபடி வர்ணனை மாதிரி. தினமும் முக்கால் மணி நேரம் உடம்பு வியர்க்க வேண்டுமாம். சம்பளத் தேதிக்கு முந்தின நாள் மட்டும் வியர்த்தால் போதாதாம்.

அப்படித்தான் சைக்கிள் வாங்கினேன். 21 கியர். சேலத்தில் ஆறு மாதம் விடியற்காலையில் ஓட்டினேன். பால் வண்டி, காய்கறி வண்டி, வெளியூர் பஸ், தெருநாய் எல்லோரும் என்னைத் துரத்தினார்கள். பஸ் டிரைவர்கள் அடிக்கிற ஏர்ஹாரனில் சர்க்கரை இறங்கியதோ இல்லையோ, ரத்த அழுத்தம் ஏறியது. அப்போதுதான் எனக்கும், என்னைப் போலவே சைக்கிள் வாங்கி அவதிப்படும் ஆபீஸ் நண்பருக்கும் ஒரே ஆசை வந்தது. வண்டியே வராத ஒரு ரோடு வேண்டும். ஒரு நாளாவது போதும்.

சேலத்துக்காரனுக்கு மலை என்றால் முதலில் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதும், தீபாவளிக்கு முதல் நாள் கடைவீதியில் ஓட்டுவதும் ஒன்றுதான். அடுத்தது கொல்லிமலை. 1997 ஜனவரி 1-ம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானபோது மலையையும் கூடவே கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. அங்கே 70 வளைவு!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நாமக்கல் லாரிக்குப் பேர் போன ஊர். பாடி கட்டுவது அங்கே, டேங்கர் லாரி ஓடுவது அங்கிருந்து. இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் பின்பக்கம் 'நாமக்கல்' என்று எழுதிய லாரி ஒன்று உங்கள் முன்னால் போகும். அந்த ஊரில் போய் வண்டியில்லாத ரோடு தேடுகிறோம்!

"ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது. செவ்வாய்க்கிழமை போவோம். டூரிஸ்ட் யாரும் வரமாட்டான்" என்றார் நண்பர். ஆளுக்கொரு சி.எல். காரணம்: 'சொந்த வேலை'. மேனேஜர் இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே சொந்தமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் குட்டியானையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தோம். நண்பரின் மாமனார் வீடு அங்கே. மாமனார் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை.

"எவ்வளவுங்க மாப்ள ஆச்சு?"

நண்பர் விலையைச் சொன்னார்.

"இதெல்லாம் இல்லாமயேவா அவ்வளவு வாங்கினான்?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "மலைக்குத்தான் பஸ்ஸு போகுதுங்களே மாப்ள?" என்றார், ரொம்ப அக்கறையாக.

*

காலை ஐந்து மணி. மாசி மாதப் பனி. சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாக மலையடிவாரமான காரவள்ளிக்கு ரோடு. இரண்டு பக்கமும் மரவள்ளித் தோட்டங்கள். ஜவ்வரிசியாகிச் சேலத்து வியாபாரிகள் கைக்குப் போகிற அதே கிழங்குதான். பாக்கு மரத்துக்கு மேலே கறுப்பாக ஒரு சுவர் நின்றது. மேகம் என்று நினைத்தேன். கிட்டப் போகப் போக அது நகரவில்லை. மலை!

"இதுலயா ஏறப்போறோம்?" என்றேன்.

"திரும்பிப் போனா மாமனார் சிரிப்பாரு" என்றார் நண்பர். மனிதனை மலையேற வைப்பது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

காரவள்ளியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். கொஞ்ச தூரத்தில் முதல் வளைவு. ஓரத்தில் ஒரு பலகை: 1/70. அதைப் படித்தபோது ஏற்பட்ட உணர்ச்சி, வீட்டுக் கடனின் முதல் தவணை கட்டிவிட்டு ரசீதைப் பார்த்தபோது ஏற்பட்டதுதான்.

கியர் சைக்கிளின் சூட்சுமம் இங்கேதான் புரிந்தது. சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். சமதளத்துக்கு அது சரி. ஏற்றத்தில் முழங்கால் கழன்றுவிடும். கியரில் முன்பக்கம் சின்னப் பல்சக்கரத்தையும் பின்பக்கம் பெரிய பல்சக்கரத்தையும் சேர்த்துவிட்டால் ஒரு மிதிக்கு ஒரே சுற்று. வேகம் போய்விடும். ஆனால் ஏறிவிடலாம். எங்களை ஒரு நத்தை முந்தியிருக்காது. இரண்டு நத்தைகள் சேர்ந்து முயன்றிருந்தால் சொல்ல முடியாது.

பத்தாவது வளைவுக்குள் சட்டை நனைந்துவிட்டது. பதினைந்தாவது வளைவில் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. அப்புறம்தான் கவனித்தேன். சத்தமே இல்லை! நாங்கள் புறப்பட்டு அரை மணி நேரமாக ஒரு வண்டிகூட வரவில்லை. செயின் உருளுகிற சத்தம், டயர் சருகின் மேல் போகிற சத்தம், எங்கேயோ ஒரு குயில். சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எங்களை ஒரு பார்வை பார்த்தன. கார் என்றால் கிட்ட வந்து பிஸ்கட் கேட்டிருக்கும். எங்கள் நிலைமையைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் கீழே சமவெளி இன்னும் கொஞ்சம் விரிந்தது. தென்னந்தோப்பு, ஏரி, செங்கல் சூளைப் புகை. காரிலும் இதே ரோட்டில் வந்திருக்கிறேன். அப்போது இதெல்லாம் எங்கே இருந்தது? பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மோந்தபடி, எழுபது வளைவையும் எண்ணிக்கொண்டிருந்தேன்!

முப்பதாவது வளைவுக்கு மேல் ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். இட்லி. கணக்கில் புலியான நண்பர் ஒரு கணக்குப் போட்டார். நான் 78 கிலோ, சைக்கிள் 14 கிலோ. இதை அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். உடம்பு எரிக்கிற சக்தியில் கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 900 கலோரி. ஒரு இட்லிக்கு 50 என்று வைத்துக்கொண்டால்...

"பதினெட்டு இட்லி!" என்றார்.

பொட்டலத்தில் இருந்தது எட்டு. அதுவும் இரண்டு பேருக்கு.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெளிநாட்டில் இதற்கெல்லாம் தனி மரியாதை உண்டு. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துயெஸ் என்று ஒரு ஏற்றம். டூர் தெ ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1952-ல் முதன்முதலாக அங்கே ஏறியது. அதிலிருந்து உலகம் பூராவும் பிரபலம். அங்கேயும் நம் ஊர் மாதிரியே வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. ஜெயித்தவர்கள் பெயரைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் எத்தனை வளைவு தெரியுமா? 21! நம்மிடம் 70 இருக்கிறது. இத்தாலியில் செல்லா என்ற மலையைச் சுற்றி நான்கு கணவாய்கள். கோடையில் குறிப்பிட்ட நாளில் அந்த ரோடுகளில் கார், பைக் எதையும் விடாமல் மூடி, சைக்கிள்காரர்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மிதித்திருக்கிறார்கள்.

"நாமளும் கலெக்டருக்கு ஒரு மனு கொடுத்தா என்ன?" என்றேன். "மாசத்துல ஒரு நாள். காலையில ஆறுலேர்ந்து பத்து வரைக்கும். வண்டிக்கு ரோடு கிடையாது. சைக்கிளுக்கு மட்டும்!"

நண்பருக்குப் பிடித்துவிட்டது. 'உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு' என்று வாயாலேயே ஆரம்பித்துவிட்டார். உடல்நலம், சுற்றுச்சூழல், மாசு, சுற்றுலா வளர்ச்சி. நாற்பதாவது வளைவுக்குள் மனுவின் முக்கால்வாசி தயார். ஆபீஸில் எழுதுகிற எந்தக் கடிதத்தையும் இவ்வளவு வேகமாக நாங்கள் முடித்ததில்லை.

*

ஐம்பதைத் தாண்டி ஒரு வளைவு. பனி விலகி, கீழே நாமக்கல் பக்கத்துச் சமவெளி பூராவும் வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது. போட்டோ எடுக்காமல் இருக்க முடியுமா? வண்டிதான் வரவில்லையே! இரண்டு சைக்கிளையும் ரோட்டுக்கு நடுவில் குறுக்காக நிறுத்தினோம். செல்போனைச் சுவரில் சாய்த்து, பத்து வினாடி வைத்துவிட்டு, ஓடிவந்து சைக்கிளுக்குப் பின்னால் கைகட்டி நின்றோம்.

மேலேயிருந்து சைரன் சத்தம் கேட்டது.

மலையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று தெரியாது. நாங்கள் கீழே பார்த்தோம். அது மேலேயிருந்து வந்தது. 108 ஆம்புலன்ஸ். வளைவு திரும்பியதும் எதிரே நாங்கள், இரண்டு சைக்கிள், ஒரு சிரிப்பு.

டிரைவர் பிரேக் பிடித்தார். நாங்கள் சைக்கிளை இழுத்தோம். பதற்றத்தில் என் ஹாண்டில்பார் நண்பரின் சைக்கிளில் மாட்டிக்கொண்டது. பிரித்து ஓரம் போக எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பத்து வினாடி. அதிகம் போனால் பதினைந்து. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். கடந்து போகும்போது உள்ளே ஒரு பெண்ணின் முனகல் கேட்டது.

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பார்வையோடு அடுத்த வளைவு வரை பேசாமல் மிதித்தோம்.

அங்கே ரோட்டோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது, அறுபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு வாழைத்தார். கீழே போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாராம்.

"ஆம்புலன்ஸ்ல யாருங்கம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ப் பொண்ணுதான் தம்பி. தலைப்பிரசவம். விடியறப்பவே வலி கண்டுருச்சு. நல்லபடியா போய்ச் சேந்துரும். வண்டிதான் வந்துருச்சே."

நண்பர் தண்ணீர் குடித்துக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று, "ரோடு இன்னிக்கு நல்லா காலியா இருக்குதுங்கம்மா. ஓட்டறதுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அந்த அம்மா சிரித்தார். "காலியா இருக்கறது உங்களுக்கு நல்லாருக்கு தம்பி. எங்களுக்கு ரோடு காலியா இருந்தா பயம். பஸ்ஸு வரலையோ, கீழ எங்கயாச்சும் மண்ணு சரிஞ்சு போச்சோன்னு இருக்கும்."

பிறகு அவராகவே சொன்னார். அவருக்குப் பிரசவ வலி வந்தபோது அவர் ஊருக்கு ரோடு கிடையாது. கம்பில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, நான்கு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி ஒத்தையடிப் பாதையில் இறக்கினார்களாம்.

"ஆசுபத்திரி வரைக்கும் அவனுக்குப் பொறுமை இல்ல. பாதி வழியிலயே பொறந்துட்டான். இன்னிக்கும் எங்க சனம் அவனைப் 'பாதிவழி'ன்னுதான் கூப்பிடும். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். மாசம் ஒருக்கா கடைசி பஸ்ஸுல வருவான்."

அதற்குள் மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அதே ஏர்ஹாரன்தான். சேலத்தில் என் ரத்த அழுத்தத்தை ஏற்றிய அதே சத்தம். அந்த அம்மா முகம் மலர்ந்து எழுந்தார். நாங்கள் ஆளுக்கொரு வாழைத்தாரைத் தூக்கி ஏற்றிவிட்டோம். கண்டக்டர் எங்கள் சைக்கிளைப் பார்த்து, "கீழ வர்றீங்களா? இல்ல, இன்னும் வைராக்கியம் இருக்கா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

பஸ் போனபிறகு நண்பர் கேட்டார்: "ஆறுலேர்ந்து பத்து வரைக்கும்னுதானே மனுவுல போட்டோம்?"

மணியைப் பார்த்தேன். ஒன்பது.

*

70/70 பலகையைத் தொட்டு, சோளக்காடு போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. காரவள்ளியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். நான்கு மணி நேரம். மேலே வந்துவிட்டால் கொல்லிமலை வேறு உலகம். 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிற ஊர்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு நாடு! காலை டிபனுக்குள் இரண்டு நாடு கடந்தோம் என்று ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. அதன் நிழலில் காபி. சரிவில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் இப்போது மரவள்ளி நிறைய. அதையும் கீழே கொண்டுபோக லாரி வேண்டும்.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரையின் மேல் சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையின் தலைவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்பில் ஐந்து! எங்களால் ஒரே மூச்சில் ஐந்து வளைவு போக முடியவில்லை. சிலையை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அங்கேயே முடவாட்டுக்கால் சூப் கிடைத்தது. ஆட்டுக்கால் என்று பயந்துவிடாதீர்கள், சைவம்தான். பாறையில் வளர்கிற ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. மேலே முடியோடு பார்ப்பதற்கு அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். முட்டிவலிக்கு நல்லது என்கிறார்கள். நண்பர் மூன்று டம்ளர் குடித்தார். கொஞ்சம் முட்டியிலும் தடவிக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

அறப்பளீஸ்வரர் கோயிலும், அதற்குக் கீழே ஆகாய கங்கை அருவியும் இன்னும் உள்ளே. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கினால் ஏறவும் வேண்டும். கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

*

ஏறுவதற்கு மூச்சு வேண்டும் என்றால், இறங்குவதற்குப் புத்தி வேண்டும். ஏறும்போது தப்பு செய்தால் நின்றுவிடுவோம். இறங்கும்போது தப்பு செய்தால் நிற்கமாட்டோம்!

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கக்கூடாது. ரிம்மில் பிடிக்கிற பிரேக் என்றால் ரிம் சூடேறி உள்ளே ட்யூப் வெடித்துவிடும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை மெல்ல விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு வளைவுக்கு ஒரு தடவை நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். இதையெல்லாம் நண்பரிடம் விளக்கமாகச் சொன்னது நான். நாற்பத்தி மூன்றாவது வளைவில் 'டமார்' என்று வெடித்ததும் என் ட்யூப்தான். குரங்குகள் மரத்துக்கு மரம் பறந்தன. அந்த ரிம்மில் விரலை வைத்துப் பார்த்ததில் விரல் கொப்புளித்து, அடுத்த ஒரு வாரம் ஆபீஸில் டைப் அடிக்க முடியவில்லை. மேனேஜர் அதையும் 'சொந்த வேலை' என்றே எடுத்துக்கொண்டார்.

ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அந்த ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. சைரன் இல்லை. நாங்கள் எழுந்து இரண்டு சைக்கிளையும் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தினோம், வாத்தியாரைப் பார்த்த பையன்கள் மாதிரி. டிரைவர் மெதுவாக நிறுத்தி, "பஞ்சரா சார்?" என்றார்.

"வெடிச்சிருச்சு. அந்தப் பொண்ணு...?"

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு மேலே போனார்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. காற்றடிக்கிற பம்பை என் கையிலிருந்து வாங்கி அவரே அடித்தார். பத்து வினாடி, பதினைந்து வினாடி என்பதெல்லாம் எவ்வளவு நேரம் என்று இருவருமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

*

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சில வார்த்தைகள். வார நாளில் போங்கள். விடியும்போது காரவள்ளியில் இருங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். அப்போது மலையே ஜனக்கடல், சைக்கிளோடு போகாதீர்கள். மழை நாளில் வேண்டவே வேண்டாம். பிரேக் கட்டை புதிதாக இருக்கட்டும். உபரி ட்யூப் இரண்டு, பம்பு, முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், பதினெட்டு இட்லி. வளைவில் நடுவே நிற்காதீர்கள். போட்டோவுக்காக என்றால் கண்டிப்பாக நிற்காதீர்கள். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது பொது விதி. சைக்கிள்காரர்கள் ஏறினாலும் இறங்கினாலும் பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழிவிடுங்கள்.

வண்டியில்லாத ரோடு எங்களுக்குக் கிடைத்தது. யாரும் ரோட்டை மூடிக் கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்தோம், அவ்வளவுதான். அந்த வேளைக்கு மனு எழுத வேண்டியதில்லை. அலாரம் வைத்தால் போதும்.

மறுநாள் ஆபீஸ். நான் லிஃப்டைப் பார்த்தேன். படியைப் பார்த்தேன். எழுபது வளைவு ஏறியவனுக்கு ஒரு மாடியா பெரிது என்று படியில் காலை வைத்தேன். தொடை இரண்டும் ஒரே குரலில் அலறின. லிஃப்டிலேயே போய்விட்டேன்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து நின்றிருந்தார். என் நண்பர்தான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 'உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது.

"இன்னுமா இதை விடல?" என்றேன்.

"படிச்சுப் பாருங்க."

கொல்லிமலைக்குக் காலையில் இன்னும் ஒரு பஸ் விடும்படி கேட்டிருந்தார். கீழே கையெழுத்துப் போட்டேன், கொப்புளித்த விரலோடு.